பல்லும் பாலும்

‘பல் போனால் சொல் போகும்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. சொல்லுக்குத் துணை நிற்கும் அப்பல்லைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகச் சிறிதே. நம் உடலில் மிகக் கடினமான பொருள் யாது என வினவினால், எலும்பே எனப் பலரும் விடை கூறுவர். அது பொருந்தாது. பல்லின் மேற்புறத்தைப் போர்த்து நிற்கும் பற்சிப்பியே அப்பெருமைக்கு உரியது. அதன் எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமமாகும். கால்சியமும் பாஸ்பேட்டும் கூடி அமைந்த நுண்ணிய படிகங்களே அக்கனிமம். மென்மையான உடல், கல்லை ஒத்த இப்பொருளை எவ்வாறு ஆக்குகின்றது?

இவ்வரிய வேலையைச் செய்விப்பவை புரதங்கள். பல், ஈறுக்குள் மறைந்திருக்கும் காலத்திலேயே, அதனைச் சூழ்ந்த உயிரணுக்கள் அமெலோஜெனின் முதலிய புரதங்களைச் சுரக்கின்றன. அவை ஒன்றுகூடிக் கட்டடத்திற்குச் சாரம் கட்டுவது போல அமைகின்றன. அச்சாரத்தினிடையே படிகங்கள் மெல்லிய இழைகளாக ஒழுங்குற வளர்கின்றன. கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுகின்றோம் அல்லவா? அவ்வாறே நொதிகள் இப்புரதங்களைத் துண்டாக்கி அகற்றுகின்றன. ஒழிந்த இடத்தில் படிகங்கள் பருத்து நெருங்கிப் பற்சிப்பி உறுதி பெறுகின்றது.

இனிப் பாலை நோக்குவோம். குழந்தையின் எலும்பும் பல்லும் வளர்வதற்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் பாலில் நிறைந்துள்ளன. நீரில் தாமாகக் கரைந்து நிற்கக்கூடிய அளவினும் அவை மிகுதியாக இருக்கின்றன. ஆயினும் அவை கல்லாகப் படிந்து தாயின் மார்பில் பால்வழியை அடைத்துவிடுவதில்லை. கேசீன் என்னும் புரதங்கள் அவற்றை நுண்துகள்களாகத் தம்முள் அடக்கி வைத்திருப்பதே அதற்குக் காரணம். பாலின் வெண்மைக்கும், அது தயிராக உறைவதற்கும் காரணம் இக்கேசீனே. உமிழ்நீரிலும் ஸ்டாதெரின் என்னும் புரதம் இருந்து, கால்சியம் வேண்டாத இடத்தில் படியாதபடி காக்கின்றது.

ஒன்று கல்லை வளர்க்கின்றது; ஏனையவை கல்லாகாமல் தடுக்கின்றன. மாறுபட்ட தொழில் புரியும் இவை ஒரே குடும்பத்தினவே என்பது வியப்பன்றோ? 2003ஆம் ஆண்டில் கவசாகி, வைஸ் என்னும் அறிஞர் இருவர் இவ்வுறவை எடுத்துக் காட்டினர். மனிதனின் 4ஆம் குரோமோசோமில், பற்சிப்பிப் புரதங்கள் சிலவற்றின் மரபணுக்களும் பால், உமிழ்நீர் ஆகியவற்றின் புரதங்களுக்குரிய மரபணுக்களும் அருகருகே வரிசையாக அமைந்துள்ளன. எலும்பிற்குரிய சில புரதங்களின் மரபணுக்களும் அதே குரோமோசோமில் உள்ளன.

இக்குடும்பத்தின் மூதாதை யார்? ஸ்பார்க் என்னும் தொன்மையான புரதமே அது. எலும்பும் பல்லும் இல்லாத புழுக்களிலும் பூச்சிகளிலும்கூட அப்புரதம் உண்டு. முன்னாளில் ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோர், படிதோறும் சில எழுத்துகளை மாற்றி எழுதிவிடுவதுண்டு. அவ்வாறே மரபணுவும் சிற்சில வேளைகளில் இரண்டாகப் படியெடுக்கப்படுகின்றது. ஒரு படி பழைய தொழிலைச் செய்துவர, மற்றொரு படி மாறுதலுற்றுப் புதிய தொழிலை ஏற்கின்றது. ஸ்பார்க்கின் மரபணு இங்ஙனம் பலமுறை பெருகியதனாலேயே இக்குடும்பம் தோன்றியது.

பிற உயிர்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. யானைச்சுறா என வழங்கும் கடல்மீனின் மரபணுத் தொகுதி 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. குருத்தெலும்பே உடைய அம்மீனில் இக்குடும்பத்து மரபணுக்கள் காணப்படவில்லை. பறவைகளின் நிலை வேறு. அவற்றின் மூதாதையர்க்குப் பல் இருந்தது. ஏறத்தாழ 11 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவை பல்லை இழந்தன. ஆயினும் பற்சிப்பி மரபணுக்களின் சிதைந்த எச்சங்கள் இன்றும் கோழியின் உடலில் உள்ளன. பயன்படாத மரபணு, பாழடைந்த வீடு போலச் சிதைந்து போகின்றது என்பதை இதனால் அறிகின்றோம். ஆனால் அக்குடும்பத்தின் மற்றொரு புரதம் கோழிமுட்டையின் ஓட்டில் இன்றும் இடம்பெற்றுள்ளது.

மாணவர்களே, இவ்வளவு நீண்ட வரலாறு உடைய பற்சிப்பியை நாம் எவ்வாறு பேணுகின்றோம்? அதனை ஆக்கிய உயிரணுக்கள், பல் ஈறுக்கு வெளியே தோன்றியதும் மறைந்துவிடுகின்றன. ஆதலால், முறிந்த எலும்பு கூடும். குழிவிழுந்த பற்சிப்பி மீண்டும் வளராது. இனிப்பை உண்டு வாயைத் தூய்மை செய்யாது விட்டால், வாயில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் படிகங்களைக் கரைக்கின்றது. தொடக்கத்தில் ஏற்படும் சிறு இழப்பை உமிழ்நீர் ஓரளவு ஈடுசெய்யும். குழி விழுந்தபின் அதனால் இயலாது. இயற்கை பல கோடி ஆண்டுகளில் கற்ற கலையால் ஆகிய இப்போர்வை, நிலைப்பல்லுக்கு ஒருமுறையே வாய்க்கின்றது. நாள்தோறும் காலையும் இரவும் பல் துலக்கி, அதனைக் காப்பது நம் கடமையாகும்.