கடை சிஸ்டத்தில் வேண்டாம், பழைய லேப்டாப்பில் போடுங்கள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ வேலை பார்க்கிறீர்கள். கையில் டிப்ளமோ இருக்கிறது, இல்லாவிட்டால் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல், படித்த வேலைக்கே போய்விட வேண்டும் என்று ஆசை. ஆனால் இன்டர்வியூவில் "என்ன எக்ஸ்பீரியன்ஸ்?" என்று கேட்டால், "விண்டோஸ் போடத் தெரியும் சார்" என்பதைத் தாண்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். செலவு ஒரு பென் டிரைவ், கொஞ்சம் டேட்டா, இரண்டு மாதம் தினமும் அரை மணி நேரம்.

பெரும்பாலான இயங்குதளங்கள் முழுதாக வெளிவருவதற்கு முன்பே, சோதித்துப் பார்க்கச் சொல்லி வெளியே விடப்படுகின்றன. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும். 24.04 என்றால் 2024-ஆம் ஆண்டு நான்காம் மாதம். அதற்குச் சில வாரம் முன்னால் பீட்டா வந்துவிடும். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது, அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. அதைப் போட்டு, தினமும் அப்டேட் எடுத்து, உடைந்ததைக் குறித்துவைத்து, உரிய இடத்தில் புகார் எழுதி, இறுதி வெளியீடு வரை கூடவே வருவதுதான் நான் சொல்லும் பயிற்சி. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கிலும் டெக்னிக்கல் சப்போர்ட்டிலும் சம்பளம் கொடுத்து வாங்கும் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

ஓ.எஸ். போடுவது இன்று பெரிய வித்தை இல்லை. "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டினால் அரை மணியில் முடிந்துவிடும். போட்ட பிறகு வரும் அப்டேட்டுகளோடு மல்லுக்கட்டத் தெரிந்தவர்தான் குறைவு.

முதல் கேள்வி, எந்த மெஷினில்? கடை சிஸ்டத்தில் கூடவே கூடாது. கைரேகை வைக்கும் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பிரிண்டர் மூன்றுக்கும் தனித்தனி டிரைவர் உண்டு. பீட்டாவில் இதில் ஏதாவது ஒன்று முரண்டு பிடித்தாலும் போச்சு. கல்லூரி அட்மிஷன் சமயத்தில் வருமானச் சான்றிதழுக்கு வரிசை வாசல் வரை நிற்கும்போது, "சிஸ்டம் அப்டேட் ஆகுதும்மா" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். முதலாளி கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

வீட்டில் பழைய அரசு லேப்டாப் கிடக்கிறதா? 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ பிளஸ் டூவில் கிடைத்ததாக இருக்கும். அது போதும். தொடக்கத்தில் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. பெரும்பாலான வீடுகளில் பூட் ஆகும்போது கண்ணில் பட்டதோடு சரி, யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. கடையில் கொடுத்து முதல் காரியமாக அதை அழிக்கச் சொன்னவர்கள் நிறையப் பேர். அரசாங்கமே வீட்டுக்கு அனுப்பிவைத்த பாடம் அது. போகட்டும். இப்போது அதே லேப்டாப்பில் ரேம் 2 ஜிபிதான் என்றால் முழு உபுண்டு தாங்காது. லுபுண்டுவோ, எக்ஸ்எஃப்சிஇ திரையோடு டெபியனோ போடுங்கள். 4 ஜிபி இருந்தாலும் என் ஓட்டு லேசானதற்குத்தான். பிராசஸர் 64-பிட் தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். 32-பிட் என்றால் உபுண்டு குடும்பத்தில் இப்போது இடமில்லை.

லேப்டாப்பில் இருக்கும் கல்யாண போட்டோ, மார்க் ஷீட் ஸ்கேன் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, இன்னொரு கம்ப்யூட்டரில் செருகித் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

அடுத்தது இறக்குவது. உபுண்டு கோப்பு 5, 6 ஜிபி வரை போகும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் போன் பிளானில் ஒரே மூச்சில் முடியாது. விட்ட இடத்திலிருந்து தொடரும் டொரண்ட் வழியில் எடுங்கள், அல்லது ஃபைபர் இணைப்பு உள்ள நண்பர் வீட்டுக்குப் போங்கள். டெபியனின் நெட் இன்ஸ்டாலர் 1 ஜிபிக்குள் அடங்கும். மீதியை நிறுவும்போது தேவைக்கேற்ப இழுத்துக்கொள்ளும். இறக்கி முடித்ததும் கோப்பின் எஸ்.எச்.ஏ.256 எண்ணை, இறக்கிய தளத்தில் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். விண்டோஸில் இதற்கென்றே கட்டளை உண்டு. பாதியில் அறுந்த கோப்பை வைத்துக்கொண்டு இரவெல்லாம் முழித்து, கடைசியில் லேப்டாப்பைத் திட்டுவதற்கு இந்த இரண்டு நிமிடம் மேல். பென் டிரைவை பூட்டபிள் ஆக்க ரூஃபஸ் என்ற கருவி போதும்.

உடனே நிறுவிவிடாதீர்கள். பென் டிரைவில் இருப்பது நெட் இன்ஸ்டாலர் இல்லை என்றால், அதிலிருந்தே லைவாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, மூடித் திறந்தால் திரை உயிரோடு வருகிறதா, டச்பேடில் இரண்டு விரல் ஸ்க்ரோல் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து "கொக்கு", "ஸ்ரீ" என்று தட்டுங்கள். எழுத்து சிதறுகிறதா? அப்படியானால் நிறுவும் முன்பே முதல் புகாருக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

நிறுவும்போது ஹோம் பகுதியைத் தனிப் பார்ட்டிஷனாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு சிஸ்டம் கவிழ்ந்தால் மறுபடி போடும்போது உங்கள் கோப்புகளைத் தொடாமல் விடலாம். கரண்ட் விஷயமும் உண்டு. பழைய லேப்டாப்பில் பேட்டரி பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் பாதிப் பொட்டலம் (பேக்கேஜ்) உள்ளே, பாதி வெளியே. மறுபடி ஆன் செய்து அப்டேட் கொடுத்தால், என்ன கட்டளை கொடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்று அதுவே சொல்லும். பதறி பார்மட் அடிக்காதீர்கள். திரையில் இருப்பதைப் படிப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உபுண்டு பீட்டா போட்டவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: "இறுதி வெளியீடு வந்ததும் மறுபடி இறக்கிப் போடணுமா?" வேண்டாம். 'ஆப்ட் அப்டேட்', பிறகு 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' என்று தொடர்ந்து கொடுத்துவந்தால், வெளியீட்டு நாளன்று உங்கள் மெஷினே இறுதிப் பதிப்பாக ஆகியிருக்கும். ஆனால் நடுவில் வரும் ஒவ்வொரு அப்டேட்டிலும், "இவை நீக்கப்படும்" என்று வரும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டாதீர்கள். பீட்டா காலத்தில் சில பொட்டலங்கள் புதிதாகிவிடும், அவற்றை நம்பியிருப்பவை இன்னும் ஆகியிருக்காது. அந்த இடைவெளியில் சிஸ்டம் உங்கள் டெஸ்க்டாப்பையே நீக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்கும். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு மறுநாள் பாருங்கள், பெரும்பாலும் தானாகவே சரியாகியிருக்கும். புதுக் கெர்னல் வந்து பூட் ஆகவில்லை என்றாலும் பயமில்லை. தொடக்க மெனுவில் கூடுதல் தேர்வுகளுக்குள் போனால் பழைய கெர்னல் காத்திருக்கும்.

டெபியனில் ஒரு நுட்பம் இருக்கிறது. சோதனைப் பதிப்புக்குப் பொதுவாக 'டெஸ்டிங்' என்று பெயர். அடுத்து வெளிவரப்போவதற்குத் தனியாக ஒரு செல்லப்பெயரும் உண்டு. 2025 ஆகஸ்ட் 9-ல் வெளியான டெபியன் 13-க்கு 'டிரிக்ஸி', அதற்கடுத்ததற்கு 'ஃபோர்க்கி'. பொட்டலங்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பில் செல்லப்பெயரை எழுதியிருந்தால், வெளியீட்டு நாளில் நிலையான பதிப்போடு நின்றுகொள்வீர்கள். 'டெஸ்டிங்' என்று எழுதியிருந்தால் யாரிடமும் கேட்காமல் அடுத்த சோதனைச் சுற்றுக்குள் போய்விடுவீர்கள். வெளியீடு முடிந்த வாரத்தில்தான் புதுச் சரக்கு மொத்தமாக வந்து இறங்கும், உடைசலும் அப்போதுதான் அதிகம். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். இன்டர்வியூவில் இதை விளக்கத் தெரிந்தால், எதிரே இருப்பவர் லினக்ஸ் தெரிந்தவராக இருந்தால், நிமிர்ந்து உட்காருவார்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 மார்ச் இறுதியில் நடந்ததைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு கருவிக்குள், அதைப் பராமரித்தவர்களில் ஒருவராகவே நம்பிக்கை சம்பாதித்து நுழைந்த ஓர் ஆள், ஒரு திருட்டு வாசலை வைத்துவிட்டார். ஜியா டான் என்பது அந்த ஆள் பயன்படுத்திய பெயர். டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள்ளும் ஃபெடோராவின் முன்வெளியீட்டுக்குள்ளும் அது புகுந்துவிட்டது. நிலையான டெபியனுக்குள் வரவில்லை. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். டெபியனின் 'சிட்' என்னும் நிலையற்ற பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு, எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவது உறுத்தியிருக்கிறது. அரை விநாடிதானே என்று விட்டிருந்தால் உலகத்தில் எத்தனையோ சர்வர்களுக்குச் சாவி போயிருக்கும். அந்த நேரம் உபுண்டு 24.04 பீட்டா வெளிவர இருந்தது. சந்தேகத்துக்கு உள்ளான காலத்தில் உருவான பொட்டலங்களை எல்லாம் புதிதாகக் கட்டுவதற்காக பீட்டாவை ஏப்ரல் 4-லிருந்து 11-க்குத் தள்ளிப்போட்டார்கள். இறுதிப் பதிப்பு ஏப்ரல் 25-ல் திட்டப்படியே வந்தது.

ஆகவே பீட்டா மெஷினில் பேங்க் வேலை வேண்டாம், ஜிபே வேண்டாம், கடையின் பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். ஃப்ராய்ண்ட் பிடித்தது மெஷின் வழக்கமாக எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால். ஒரு சிறு நோட்டில் தேதி போட்டு, என்ன அப்டேட் வந்தது, பூட் ஆக எவ்வளவு நேரம், என்ன கெட்டது, எப்படிச் சரியானது என்று இரண்டு வரி எழுதிவந்தால் உங்களுக்கும் அது பழகிவிடும்.

விண்டோஸ் கதை வேறு. அங்கே இன்சைடர் திட்டத்தில் சேர்ந்தால் முன்வெளியீடுகள் வரும். டெவ், கேனரி சேனல்களில் ஏறிவிட்டால், சாதாரண விண்டோஸுக்குத் திரும்ப பெரும்பாலும் சுத்தமாக அழித்துத்தான் போட வேண்டும். வெளியீட்டை ஒட்டி வரும் 'ரிலீஸ் ப்ரிவ்யூ' சேனலில் இருந்தால் சிக்கல் குறைவு. முன்வெளியீட்டு விண்டோஸுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. 2009-ல் விண்டோஸ் 7-ன் ஆர்.சி. (ரிலீஸ் கேண்டிடேட்) பதிப்பை ஆளாளுக்கு இறக்கிப் போட்டார்கள். 2010 மார்ச் 1 முதல் அது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே அணையத் தொடங்கியது. ஜூன் 1-ல் காலாவதி. "ஓசியில் ஒரிஜினல் விண்டோஸ்" என்று வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல அனுபவம். கைவசம் இருப்பது பழைய அரசு லேப்டாப் என்றால் விண்டோஸ் 11 அதில் ஏறுவதே சந்தேகம், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதனால்தான் லினக்ஸைச் சொல்கிறேன், பக்தியால் அல்ல.

பிழையைக் கண்டால் என்ன எழுதுவது? "வைஃபை வேலை செய்யவில்லை" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது, மறுபடி செய்தாலும் அப்படியே நடக்கிறதா, இந்த நாலும் வேண்டும். "லேப்டாப்பை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தேன். வைஃபை பட்டியல் காலியாக இருந்தது. ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அப்படியே. நேற்றைய கெர்னலில் இது இல்லை." இந்த ஐந்து வாக்கியத்தை எளிய ஆங்கிலத்தில் எழுத பி.எஸ்சி. படித்த யாராலும் முடியும். உபுண்டுவில் 'உபுண்டு-பக்' என்ற கட்டளையோடு பொட்டலத்தின் பெயரைக் கொடுத்தால், மெஷினின் விவரங்களைச் சேர்த்துக்கொண்டு லாஞ்ச்பேட் தளத்தில் புகார்ப் பக்கத்தைத் திறந்துவிடும். அதற்கு முன், அதே புகாரை வேறு யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இருந்தால் "எனக்கும் இதே" என்று அங்கேயே சேருங்கள்.

தமிழ் உங்களுக்குக் கூடுதல் பலம். உயிர்மெய் உடைவதும், லாக் ஸ்கிரீனில் தமிழ் விசைப்பலகை மாட்டிக்கொண்டு பாஸ்வேர்டு ஏறாமல் போவதும், மெனுவில் "சேமி" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலம் நிற்பதும் பெர்லினில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாது. மொழிபெயர்ப்புக்கு வெளியீட்டுக்குச் சற்று முன் கெடு உண்டு. அதற்குள் சொன்னால்தான் அந்தப் பதிப்பில் ஏறும். தனியாகத் திணறவும் தேவையில்லை. காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, 2012 முதல் தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் 'கணியம்' இதழ் இருக்கிறது. எந்தக் கேள்வியையும் தமிழிலேயே கேட்கலாம்.

ரெஸ்யூமில் "லினக்ஸ் தெரியும்" என்று போடாதீர்கள், எல்லோரும் போடுகிறார்கள். எந்தப் பதிப்பின் பீட்டாவை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓட்டினீர்கள், எத்தனை புகார் கொடுத்தீர்கள், எத்தனை சரியானது என்று இரண்டு வரி எழுதி, லாஞ்ச்பேட் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து பார்ப்பவருக்கு உங்கள் வேலை நேராகக் கண்ணில் படும். ஒரே ஒரு புகார்தான் என்றாலும் பரவாயில்லை, அதை மட்டும் போடுங்கள். பெருக்கிச் சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசியாக, புகார் கொடுத்த மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சில வாரம் கழித்து ஒருவர், "புதிய கெர்னலில் இது இன்னும் நடக்கிறதா?" என்று ஒரு வரி கேட்டு, புகாரை 'முழுமையற்றது' என்று குறித்து வைப்பார். அதற்குப் பதில் இல்லாமல் 60 நாள் போனால் லாஞ்ச்பேட் அந்தப் புகாரைத் தானாகவே காலாவதியாக்கிவிடும். மெயில் வந்த அன்றைக்கே அப்டேட் எடுத்து, மூடித் திறந்து பார்த்து, "ஆம், இன்னும் நடக்கிறது" என்றோ "இல்லை, சரியாகிவிட்டது" என்றோ கெர்னல் எண்ணோடு எழுதி அனுப்புங்கள்.