ஏரிக்கரையில் பத்து நிமிடம்

பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது அமைதியான இடம். இங்குள்ள மீனவக் கிராமப் பிள்ளைகளுக்கோ அது பெற்றோர் வேலை செய்யும் இடம். யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதைச் சுழற்சியாகப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை இங்கு உண்டு. கடலோடு ஏரியை இணைக்கும் முகத்துவாரத்தை மணல் மூடினால் மீன்வரத்துக் குறையும். அந்தக் கவலை வீட்டுக்குள்ளும் வரும். ஆகவே, "ஏரியைப் பாருங்கள், மனம் அமைதியாகும்" என்று பாடத்தைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒன்பதாம் வகுப்பில் நான் செய்யும் செயல்பாடு எளியது. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஓர் இடத்தைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். தண்ணீரில் இறங்கக் கூடாது. என் கண்பார்வையில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அதே இடத்தில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கையில் நோட்டு கிடையாது. வகுப்புக்குத் திரும்பிய பிறகுதான் எழுதுவது. நோட்டைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் நமக்காகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்!

முதல் வாரம் சிரிப்பும் கல்லெறிதலுமாகவே போகும். மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் கண்ணும் காதும் பழகும். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும் காலம் இதற்கு ஏற்றது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து நீரை அலசுவதைக் கவனித்த மாணவன் ஒருவன், "டீச்சர், அது வாயிலேயே சல்லடை வச்சிருக்கு" என்றான். அறிவியல் ஆசிரியர் தகவமைப்புப் பாடத்தை அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கினார்.

ஒரு மாணவி மட்டும் ஏரிக்கு முதுகு காட்டி, பூவரச மரத்தடியில் உட்காருவாள். அவளைத் திரும்பி உட்காரும்படி நான் சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் எழுதினாள்: அப்பா கடலுக்குப் போன நாளில் தண்ணீரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, இங்கே இலை மட்டும்தான் அசைகிறது. அதைப் படித்த பிறகு இரண்டு விதிகளைச் சேர்த்தேன். இந்த எழுத்துக்கு மதிப்பெண் இல்லை. எழுதியவர் சம்மதிக்காமல் வகுப்பில் வாசிப்பதும் இல்லை.

பின்னர் ஐந்திணைப் பாடம் வந்தபோது, நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று கரும்பலகையில் எழுதினேன். வழக்கமாக அந்தச் சொல்லை விளக்கவே பாதி வேளை போய்விடும். இம்முறை, "கரையில காத்துக்கிட்டு இருக்கிறதுதானே, டீச்சர்?" என்று பின்வரிசையிலிருந்து அவளே கேட்டாள்.

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் வாரங்களில் கரைக்குப் போவதில்லை. பள்ளித் தாழ்வாரத்திலேயே ஆளுக்கோர் இடம் பிடித்துக்கொள்கிறார்கள். கூரை நீர் விழும் மூலைக்குத்தான் போட்டி அதிகம்.