கோதுமையும் நம் குடலும்

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் பாலங்களையும் தண்டவாளங்களையும் பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கோந்த்வாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் நான் செய்த ஒரு தவறு உங்கள் வீட்டில் நேராதிருக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஏழு வயதுப் பேத்திக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம். உயரம் ஏறவில்லை. ரத்தசோகைக்கு இரும்புச் சத்து டானிக் கொடுத்தும் பயனில்லை. "மாமா, சப்பாத்தி சாப்பிட்ட அன்றைக்குத்தான் அதிகம் படுத்துகிறது" என்றாள் மருமகள். நானும் நாலு இடத்தில் படித்துவிட்டு, "கோதுமையை நிறுத்து" என்று உத்தரவு போட்டேன். இரண்டு மாதத்தில் குழந்தை தேறினாள். பிறகுதான் டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

"பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்தச் சொன்னது யார்?" என்றார் டாக்டர். நான் தலைகுனிந்தேன்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. சப்பாத்தி மாவு இழுபடுவது இதனால்தான். 'சீலியாக்' நோய் உள்ளவர்களுக்கு, குளூட்டன் உள்ளே போனதும் உடலின் காவற்படையே சிறுகுடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய மடிப்புகள் தேய்ந்து போகின்றன. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இரண்டாம் உலகப் போரின்போது ஹாலந்தில் ரொட்டிப் பஞ்சம் வந்தது. அப்போது நோயுற்ற குழந்தைகள் தேறியதையும், ரொட்டி வந்ததும் மறுபடி நலிந்ததையும் கண்ட டாக்டர் டிக்கே, கோதுமையே காரணம் என்று 1950இல் தம் ஆய்வேட்டில் காட்டினார்.

"இது வடக்கத்தியர் நோய், நமக்கு வராது" என்று எண்ணிவிடலாகாது. டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணா, டெல்லி எய்ம்ஸின் டாக்டர் கோவிந்த் மகாரியா முதலானோரின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. வடக்கே ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு இந்நோய். தெற்கே பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபுக்கூறு வடக்கே 38 சதவீதம் பேருக்கும், தெற்கே 36 சதவீதம் பேருக்கும் இருந்தது. பெரிய வித்தியாசமில்லை. சாப்பிடும் கோதுமையோ வடக்கே நாளுக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம்.

இந்த மரபுக்கூறு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை; பயப்பட வேண்டாம். ஆனாலும் புனே வந்த நம் பிள்ளைகளின் டிபன் டப்பாவில் சப்பாத்தி, மாலையில் பாவ், பிஸ்கட். எனவே அறிகுறி கண்டால் அலட்சியம் கூடாது.

இனி என் தவறு. பாலத்தின் பலத்தைச் சோதிக்க, அதன்மேல் பாரத்தை ஏற்றி எவ்வளவு தொய்கிறது என்று அளப்போம். வெறும் பாலத்தை அளந்து "சரி" என்று எழுதுபவன் பொறியாளன் ஆகமாட்டான். குடலும் அப்படித்தான். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி வழியே எடுக்கும் குடல்சதைப் பரிசோதனையும் உண்மையைச் சொல்லும். டாக்டர் சொற்படி பேத்தி மறுபடி சில வாரங்கள் சப்பாத்தி தின்று அவதிப்பட்டாள். அந்த அவதி என்னால் வந்தது. அதன் பிறகே சீலியாக் என்று உறுதியாயிற்று.

எல்லா வயிற்றுக் கோளாறும் சீலியாக் ஆகிவிடாது. கோதுமை அலர்ஜி வேறு. குடல் கெடாமல் கோதுமை ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. சீலியாக் என்றால் ஆயுள் முழுவதும் பத்தியம். ஆகவே முடிவு தெரியாமல் பத்தியம் இருப்பதும் தவறு. தெரிந்தபின் மீறுவதும் தவறு. பெற்றோரும் உடன்பிறந்தோரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

நம் சமையலறையில் கவனிக்க வேண்டியவை:

- ரவை, மைதா, கோதுமைச் சேமியா கூடாது. இட்லி, தோசை, இடியாப்பம் சாப்பிடலாம். ரவா தோசை ஆகாது.
- கடைப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பாக்கெட்டில் அச்சிட்டதைப் படித்து வாங்குங்கள்.
- சோளம், கம்பு, கேழ்வரகு நல்லவை. இங்கே கிடைக்கும் ஜ்வாரி பாக்ரி நமக்கு வரப்பிரசாதம்.
- ஆனால் கோதுமை அரைத்த மில்லிலேயே சோளத்தையும் அரைத்தால் மாவு கலந்துவிடும். நாங்கள் வீட்டிலேயே சிறு இயந்திரத்தில் அரைக்கிறோம்.

இப்போது பேத்தி நன்றாக வளர்ந்து வருகிறாள். பிறந்தநாள் விழாக்களில் கேக் வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுகிறாள். வீட்டில் யாருக்கேனும் இத்தகைய தொந்தரவு இருந்தால், உணவை மாற்றும் முன் டாக்டரைப் பார்க்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.