தர்க்கம் கேட்கும் இரவு

விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி வட்டத்தைச் சேர்ந்த மல்லாங்கிணற்றிலும், அதைச் சூழ்ந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை விரியும் மானாவாரிக் கரிசல் ஊர்களிலும், கனத்த குரல் படைத்த இருவரை ஒரே இரவில் ஒரே மேடையில் கேட்பதற்கு நெடுங்காலமாக அமைந்துள்ள வாய்ப்பு, கோயில் பொங்கலையொட்டி நடத்தப்படும் வள்ளி திருமணம் நாடகமே ஆகும். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று வழங்கும் இவ்வகையில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் எனப்படும் முதன்மை ஆண் நடிகரும், ஸ்த்ரீபார்ட் எனப்படும் முதன்மைப் பெண் நடிகரும், பின்பாட்டுக்காரர் எனப்படும் ஆர்மோனியக் கலைஞரும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி மேடையிலேயே ஒன்றுசேர்கின்றனர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) யாத்த பாடல்கள் அனைவருக்கும் பொதுப் பாடமாக இருப்பதால் இது இயலுகிறது. ஆனால் அப்பாடல்களுக்கிடையே எழும் தர்க்கம், அதாவது வினாவும் விடையுமாகப் பேச்சிலும் பாட்டிலும் நிகழும் வாதம், அன்றன்று ராஜபார்ட், ஸ்த்ரீபார்ட் இருவரின் சாமர்த்தியத்தில் பிறப்பது. அதைக் கேட்கவே கூட்டம் விடிய விடிய அமர்ந்திருக்கிறது.

இத்தகைய இணைக்குப் பேரெடுத்துக்காட்டாக விளங்கியவர்கள் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் (1906–1933) கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் (1908–1980) ஆவர். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாட வேண்டியிருந்ததால், குரலை மேல் சுருதியில் நிறுத்தி வீசும் பயிற்சி அக்கால நடிகர்களுக்கு அலங்காரமன்று, பிழைப்பின் தேவை. அதே மரபில் சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாஸ், முருகன் வேடத்திலேயே ஆங்கில ஆட்சிக்கு எதிரான பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்று, 1940இல் சென்னையில் அதே வேடத்துடன் மேடையிலேயே உயிர் நீத்தார். கரிசல் நாட்டார் ராஜபார்ட்டின் தொண்டையை இன்றும் கண்டிப்புடன் எடை போடுவதற்கு இந்த முன்னோடிகளின் நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புதிதாகக் கேட்க வருபவர் முதலில் அறிய வேண்டியது கட்டை என்னும் அளவு. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி ஆதார சுருதியைக் குறிப்பது வழக்கம். ஆண்களுக்குப் பொதுவாக ஒன்று, இரண்டு கட்டைகளும் பெண்களுக்கு ஐந்தை ஒட்டிய கட்டையும் இயல்பாக அமையும். இருவரும் மாறி மாறிப் பாடும் தர்க்கத்தில் இந்த இடைவெளி உடனே வெளிப்படுகிறது. ஆண் மேலேற வேண்டும், அல்லது பெண் இறங்கிவர வேண்டும், அல்லது பின்பாட்டுக்காரர் நொடியில் சுருதியை மாற்றிக் கொடுக்க வேண்டும். ஆகவே, இரு குரல்களின் போட்டியைச் செவ்வையாகக் கேட்க விரும்புபவர் பாடுபவரின் முகத்தை மட்டும் பாராமல் ஆர்மோனியத்தின் மீதும் காதை வைத்திருப்பது நன்று. எதிராளி விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுக்கும் இடத்தில்தான் எவர் தடுமாறினார், எவர் விட்டுக்கொடுத்தார் என்பது துலங்கும். விட்டுக்கொடுப்பதும் திறமையே, உரத்துப் பாடி அமுக்குபவரைக் கூட்டம் கைதட்டி ரசித்தாலும், தேர்ந்த காதுகள் அவரை அவ்வளவாக மதிப்பதில்லை.

அமரும் இடம் அடுத்த கேள்வி. மேடைக்கு நேர்முன்னே சிறுவர்களின் ஆரவாரமும், ஒலிப்பெட்டியின் அருகே செவியடைப்பும் மிகுதி. கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி தொலைவுக்கு எட்டினாலும் குரலின் அடிக்கனத்தை உண்டுவிடும். இரண்டு ஒலிப்பெட்டிகளுக்கும் நடுவே, மேடையிலிருந்து சற்றுப் பின்தள்ளிப் பாய் விரிப்பதே தக்கது. மைக் செட்டுக்காரர் எதிரொலியை ஏற்றி வைத்தால் தர்க்கத்தின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். விழாக் குழுவினர் தொடக்கத்திலேயே அதைக் குறைக்கச் சொல்லிவிடலாம்.

பபூன் எனப்படும் கோமாளியும் நடனப் பெண்ணும் தோன்றும் நகைச்சுவையோடு நாடகம் தொடங்குவதால், சிரித்து முடித்ததும் வீடு திரும்பிவிடுவோர் பலர். நாரதரோடும், பின்னர் வேலனோடும் வள்ளி வாதிடும் தினைப்புனக் காட்சி நள்ளிரவு கடந்த பின்பே வருவதாகையால், பகலில் ஓர் உறக்கம் போட்டுவிட்டு வருவதும், குழந்தைகளுக்குப் போர்வையும் குடிநீரும் கொண்டுவருவதும் அனுபவசாலிகளின் வழக்கம். திருமணக் காட்சி விடியலை நெருங்கி வரும். திரும்பிச் செல்லும் பேருந்தைப் பற்றிய கவலையை முன்கூட்டியே தீர்த்துக்கொண்டவர்தான் அதை நிம்மதியாகக் காண்பார்.

மல்லாங்கிணற்றில் பிறந்த எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன், 2018ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற ‘சஞ்சாரம்’ நாவலில், கரிசல் நாட்டின் நாதஸ்வரக் கலைஞர்கள் படும் அவமதிப்பைப் பதிவு செய்துள்ளார். நாடகக் கலைஞரின் நிலையும் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. இரண்டு குரல்களும் உச்சத்தில் நிற்கும் வேளையில் அன்பளிப்புப் பட்டியலை வாசிக்கப் பாட்டை நிறுத்தும் பழக்கம் பல ஊர்களில் உள்ளது. கொடுப்பவர் நோக்கம் நல்லதே எனினும், மூச்சைக் கட்டி ஏற்றிய சுருதி ஒருமுறை அறுந்தால் மீண்டும் எளிதில் அமைவதில்லை. எனவே விழாக் குழுவினர் அன்பளிப்பு அறிவிப்புகளைக் காட்சி முடியும் வரை ஒத்திவைத்து, கலைஞர்களுக்கு உடைமாற்றத் தனி மறைவிடமும், இரவில் வெந்நீரும், விடிந்ததும் பேசிய தொகையும் குறைவின்றிக் கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும்.