மடிக்கணினியின் தொடுபலகையும் இலகுவான லினக்ஸ் அமைப்பும்

மடிக்கணினியில் விசைகளுக்குக் கீழே உள்ளங்கையளவில் அமைந்திருக்கும் வழவழப்பான பரப்புக்கு டச்பேட் அல்லது தொடுபலகை என்று பெயர். அதன்மீது விரலை ஓட்டினால் திரையில் அம்புக்குறி ஓடுகிறது. காய்ந்த மரக்குச்சியால் தேய்த்தாலோ ஒன்றும் நிகழ்வதில்லை. இதன் காரணத்தை அறிந்தவருக்குத் தொடுபலகையின் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதும் எளிதாகும்.

பலகையின் மேலுறைக்கு அடியில் மெல்லிய உலோகக் கோடுகள், ஒன்றையொன்று தொடாதபடி, குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இரு கோடுகள் சந்திக்கும் ஒவ்வோரிடமும் ஒரு நுண்ணிய மின்தேக்கி ஆகும். மனித உடல் ஒரு மின்கடத்தியாதலால், விரல் அருகே வரும்போது அவ்விடத்து மின்புலத்தின் ஒரு பகுதி விரலை நோக்கித் திரும்பி, மின்தேக்கும் திறன் மாறுபடுகிறது. பலகைக்கு உள்ளேயே இருக்கும் ஒரு சிறு சில்லு இம்மாறுபாட்டை விநாடிக்குப் பலமுறை அளந்து, விரல் இருக்குமிடத்தைக் கணிக்கிறது. 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் முதல் நுண்செயலியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஃபெடரிகோ ஃபாகின், கார்வர் மீட் என்பவருடன் சேர்ந்து 1986-இல் தொடங்கிய சினாப்டிக்ஸ் நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது. 1994-இல் ஆப்பிள் நிறுவனத்தின் பவர்புக் 500 வரிசைக்குப் பின்னர், தொடுபலகை மடிக்கணினிகளில் நிலைபெற்றது.

அளக்கப்படுவது மின்னியல்பாதலால், அம்புக்குறி நடுங்கினாலோ தானாகத் தாவினாலோ, முதலில் மின்னேற்றியைப் பிடுங்கிவிட்டுப் பார்ப்பது நன்று. நிலத்தொடர்பு இல்லாத சுவர்த்துளையில் மின்னேற்றி செருகப்பட்டிருந்தால், அதன் வழியே வரும் மின்னிரைச்சல் சில்லின் அளவீட்டைக் குழப்பக்கூடும். மின்கலத்தில் ஓடும்போது நடுக்கம் நின்றுவிட்டால், கோளாறு லினக்ஸில் இல்லை. மின்னேற்றியிலோ வீட்டு மின்னிணைப்பிலோதான் உள்ளது.

விண்டோஸ் 10 அமைப்புக்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதற்கு அடுத்த அமைப்பை ஏற்க இயலாத பழைய மடிக்கணினிகள் ஏராளம். பாரி காலர் என்னும் ஆஸ்திரேலியர் 2003-இல் வெளியிட்ட பப்பி லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் போன்ற இலகுவான அமைப்புகள் குறைந்த நினைவகத்திலும் இயங்குவன. ஆகவே பழைய யந்திரம் ஒரு மாணவனுக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கலாம். ஆனால் அமைப்பை நிறுவியபின் தொடுபலகை பணியாததைக் கண்டு, யந்திரமே பழுதென்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. பெரும்பாலும் பலகையில் பழுதிராது. விரலிலிருந்து திரைவரை செல்லும் செய்தி வழியில் எங்கோ நின்றிருக்கும். சில கணினிகளில் எஃப்-என் விசையுடன் மற்றொரு விசையை அழுத்தினால் பலகை அணைந்துவிடும். பயாஸ் அமைப்பிலும் அதனை அணைத்துவைக்க முடியும். இவ்விரண்டையும் முதலில் பார்த்துவிடுவது வீண் உழைப்பைத் தவிர்க்கும்.

அடுத்துப் பார்க்கவேண்டியது கெர்னல் என்னும் உட்கரு. தான் கண்டறிந்த உள்ளீட்டுச் சாதனங்களை அது ‘/ப்ராக்/பஸ்/இன்புட்/டிவைசஸ்’ என்னும் கோப்பில் வரிசையாகக் காட்டும். (கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்குத் தமிழ் ஒலிப்பில் தரப்படுகின்றன, கணினியில் ஆங்கில எழுத்துகளால் தட்டச்சு செய்தல் வேண்டும்.) அப்பட்டியலில் சினாப்டிக்ஸ், இலான்டெக், ஆல்ப்ஸ் ஆகிய பெயர்களுள் ஒன்று காணப்பட்டால், கெர்னல் பலகையை அடையாளம் கண்டுகொண்டது என்பது பொருள். ‘பி.எஸ்./2 ஜெனரிக் மவுஸ்’ என்று மட்டும் இருந்தால், பலகையை ஒரு சாதாரண மவுஸ் என்று கெர்னல் கருதிக்கொண்டிருக்கக்கூடும்.

இந்த வேறுபாடு சுவையானது. பி.எஸ்./2 என்பது 1987-இல் ஐ.பி.எம். கணினிகளுடன் வந்த இணைப்பு முறை. அம்முறையில் மவுஸ் மூன்று பைட்டுகள் கொண்ட செய்தியில், எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பவற்றை மட்டுமே தெரிவிக்கும். சினாப்டிக்ஸ் பலகையும் மின்சாரம் பெற்றவுடன் மவுஸைப் போலவே பேசத் தொடங்குகிறது. அது தொடுபலகை என்பதை அறிய, கெர்னல் ஒருவகை இரகசியத் தட்டு தட்டுகிறது: நுண்மையை அமைக்கும் கட்டளையை நான்கு முறை அனுப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு பிட்டுகளை மறைத்துவைத்து, பின்னர் நிலையைக் கேட்கிறது. சாதாரண மவுஸுக்கு இது பொருளற்றது. சினாப்டிக்ஸ் பலகையோ தன் விடையின் நடுவில், பதினாறடிமான முறையில் 47 என்னும் எண்ணை வைத்து அனுப்பும். அதன்பின் கெர்னல் அதனை ஆறு பைட்டுச் செய்தி முறைக்கு மாற்றுகிறது. விரலின் சரியான இடம், அழுத்தத்தின் மதிப்பு, விரலின் அகலம் ஆகியவை இம்முறையில் கிடைக்கும்.

செய்தி விரிவடைந்தால் அதனைப் பொருள்கொள்ளும் வேலையும் பெருகுகிறது. விரல் தட்டியதா, நகர்ந்ததா, இரு விரல்களா என்பதைச் சில்லு இனித் தீர்மானிப்பதில்லை. லிப்இன்புட் போன்ற மென்பொருளே தீர்மானிக்கவேண்டும். தட்டினால் சொடுக்காகக் கொள்ளும் வசதியை, தனிப் பொத்தான்கள் உள்ள பலகைகளில் லிப்இன்புட் அணைத்தே வைத்திருக்கிறது. பெரிய அமைப்புகளில் இதனை இயக்க ஓர் அமைப்புப் பலகம் உண்டு. ஜே.டபிள்யூ.எம்., ஐஸ்-டபிள்யூ.எம். போன்ற சிறு சாளர மேலாளர்களில் அது கிடையாது. ஆகவே ‘அம்புக்குறி ஓடுகிறது, தட்டினால் மட்டும் வேலை செய்யவில்லை’ என்பது பழுதன்று.

இதற்குப் பரிகாரம், ‘/இடிசி/எக்ஸ்11/சார்க்.கான்ஃப்.டி’ என்னும் அடைவில் ஒரு சிறு கோப்பு. ‘இன்புட்கிளாஸ்’ பகுதி ஒன்றைத் திறந்து, ‘ஐடென்டிஃபையர்’ என்பதற்கு ஏதேனும் ஒரு பெயரும், ‘மேட்ச்இஸ்டச்பேட்’ என்பதற்கு ‘ஆன்’ என்றும், ‘டிரைவர்’ என்பதற்கு ‘லிப்இன்புட்’ என்றும், ‘டாப்பிங்’ என்னும் விருப்பத்துக்கு ‘ஆன்’ என்றும் எழுதினால் போதும். அடுத்தமுறை திரைச்சூழல் தொடங்கும்போது பலன் தெரியும். இங்கே ஒரு கண்ணி உண்டு. அடைவிலுள்ள கோப்புகள் பெயரின் வரிசைப்படி படிக்கப்படுகின்றன. பிந்தியது முந்தியதை மேற்கொள்ளும். 70 என்று தொடங்கும் பழைய சினாப்டிக்ஸ் கோப்பு ஒன்று அங்கிருந்தால், 40 என்று தொடங்கும் லிப்இன்புட் கோப்பில் எழுதியவை பயனற்றுப் போகும். எந்த டிரைவர் உண்மையில் பொறுப்பேற்றது என்பதை எக்ஸ் அமைப்பின் பதிவுக்கோப்பு கூறிவிடும்.

இவ்வளவு செய்தும் அம்புக்குறி ஒழுங்காக ஓடாவிடின், அறிவார்ந்த முறையைக் கைவிட்டு எளிய முறைக்குத் திரும்பலாம். தொடக்க வரியில் ‘பிஎஸ்மவுஸ்.ப்ரோட்டோ=ஐஎம்பிஎஸ்’ என்று சேர்த்தால், கெர்னல் ஆறு பைட்டுச் செய்தி முறைக்கு மாற்றாமல் பலகையை மவுஸாகவே நடத்தும். தட்டலைப் பொருள்கொள்ளும் வேலை மீண்டும் சில்லினிடம் செல்லும். இரு விரலால் பக்கத்தை உருட்டும் வசதி இதில் போய்விடும். எழுதுவதும் படிப்பதுமே வேலையாகக் கொண்ட பழைய யந்திரத்துக்கு இந்த இழப்பு பெரிதன்று.

2012-க்குப் பிந்திய பல மடிக்கணினிகளில் தொடுபலகை பி.எஸ்./2 வழியாக இணைவதில்லை. 1982-இல் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ஐ-ஸ்கொயர்-சி என்னும் இருகம்பி முறையில் இணைகிறது. பழைய கெர்னல் இதனை அறியாது. பட்டியலில் பெயரே வராது. அத்தகைய யந்திரத்தில் மேற்கூறிய கோப்புகள் எவையும் உதவா. புதிய கெர்னல் கொண்ட பதிப்பை நிறுவுதலே வழி.

பப்பி லினக்ஸை முதன்முதலாக இயக்குவோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். அந்த அமைப்பு நினைவகத்தில் ஓடுவது. கணினியை நிறுத்தும்போது சேமிப்புக் கோப்பு ஒன்றை உருவாக்கிக்கொள்ளாவிட்டால், எழுதிவைத்த கோப்பும் மின்சாரத்தோடு மறைந்துபோய், மறுநாள் தொடுபலகை பழையபடியே நிற்கும்.