வலைக்கு எந்தக் குண்டு? காரீயம், இரும்பு, சுடுமண்: ஓர் ஒப்பீடு

பழவேற்காட்டு ஏரிக்கரையிலும், அண்ணாமலைச்சேரி, சுண்ணாம்புக்குளம் போன்ற சுற்றுவட்டாரத்து ஊர்களிலும் புதிதாக ஒரு வலை கட்ட முற்படுகிறவர், நூலின் தரத்தையும் கண்ணின் அளவையும் குறித்து அநுபவஸ்தர்கள் பலரிடம் யோசனை கேட்கிறார். அடிக்கயிற்றில் கோக்க வேண்டிய குண்டைப் பற்றி மட்டும் அவ்வளவாக விசாரிப்பதில்லை. பழைய ஈயம் கொஞ்சம் கிடைத்தால் அடுப்பில் உருக்கி அச்சில் வார்த்துக்கொள்ளலாம் என்பதே கடலோரத்து வழக்கமாக இருந்து வருகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் அண்டையில் இருக்கும் ஊர்களுக்குப் பழைய உலோகம் அரிதான பொருளும் அல்ல. ஆயினும் வீட்டில் ஈயம் வார்ப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பதும், விட்டுவிடுவதால் மீன்பாட்டில் குறைவு ஒன்றும் வராது என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களையும், எந்த வலைக்கு எது ஏற்றது என்பதையும் இங்கே முறையாகச் சொல்ல முயல்கிறேன்.

காரீயத்தின் குணங்கள்

காரீயத்துக்கு இவ்வளவு மதிப்பு உண்டானதற்கு மூன்று குணங்கள் காரணம். தண்ணீரைவிட அது பதினொரு மடங்குக்கு மேல் கனமானது; 327 டிகிரி சென்டிகிரேடில், அதாவது சாதாரண விறகடுப்பின் சூட்டிலேயே, உருகிவிடுவது; குறடால் லேசாக நெரித்தாலும் கயிற்றை இறுகப் பற்றிக்கொண்டு, நைலான் நூலை அறுக்காமல் இருக்கும் மிருதுத்தன்மை உடையது. முற்காலத்துத் துப்பாக்கிக்காரர்கள் தங்கள் குண்டுகளைத் தாங்களே வார்த்துக்கொண்டதும் இந்தக் கனத்தையும் எளிதில் உருகும் இயல்பையும் நம்பித்தான். அந்தக் காரியம் இன்று 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமமின்றிச் செய்யக் கூடாததாகிவிட்டது. வலைக் குண்டை ஆயுதமென்று யாரும் கருதாததால், குடியிருக்கும் வீட்டின் அடுப்பில் ஈயம் உருகுவதைக் கண்டு எவரும் திடுக்கிடுவதில்லை.

தண்ணீருக்குள் நிறுத்துப் பார்த்தால்

குண்டு வேலை செய்வது தண்ணீருக்குள்ளே ஆகையால், தராசுத் தட்டில் காணும் எடையை நம்பாமல், தான் விலக்கும் நீரின் எடையைக் கழித்தபின் எஞ்சும் கனத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு கிலோ காரீயம் நீரில் மூழ்கியபின் ஏறக்குறைய 912 கிராம் கனம் காட்டும். இரும்பு 873 கிராம். கருங்கல் 630 கிராம். சுடுமண், மண்ணையும் சூளையையும் பொறுத்து, சுமார் 500 கிராம். ஆகவே ஒரு கிலோ காரீயம் செய்யும் வேலையை 1,045 கிராம் இரும்பு செய்துவிடும். கருங்கல்லானால் சுமார் 1,450 கிராமும், சுடுமண்ணானால் சுமார் 1,800 கிராமும் தேவைப்படும். காரீயத்துக்கும் இரும்புக்கும் உள்ள வித்தியாசம் நாம் பொதுவாக நினைப்பதைவிட எவ்வளவு சொற்பம் என்பது இந்தக் கணக்கினால் விளங்கும்.

பருமனில்தான் வேற்றுமை அதிகம். அந்த ஒரு கிலோ காரீயம் 88 கன சென்டிமீட்டர் இடத்தில் அடங்கும். அதற்கு ஈடான இரும்புக்கு 133-உம், சுடுமண்ணுக்கு 900-க்கு மேலும் வேண்டும். பருமன் கூடக் கூட நீரின் தடையும் கூடுமாதலால், விரித்து எறிந்த கணமே அடிக்குச் சென்று மீனை மூடிக்கொள்ள வேண்டிய வீச்சு வலைக்கு இந்த வேற்றுமை முக்கியம். ஆனால் பழவேற்காட்டு ஏரியின் சராசரி ஆழமோ ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அவ்வளவு தூரத்தைக் கடப்பதில் காரீயம் இரும்பை முந்திக்கொள்ளும் நேரம் மிக மிகக் குறைவு. முகத்துவாரத்தின் நீரோட்டத்திலும் கடலின் ஆழத்திலும் வீசுகிறவருக்கே காரீயத்தின் ஆதாயம் மெய்யாகக் கைக்கு வருகிறது.

இரும்பும் சுடுமண்ணும்

இரும்புச் சங்கிலியையோ வளையங்களையோ அடிக்கயிற்றில் கட்டுவதில் உருக்குவது, வார்ப்பது என்ற வேலையே இல்லை. அதன் குறை துரு. உவர்நீரில் நனைந்தும் வெயிலில் உலர்ந்தும் வரும் இரும்பு சீக்கிரம் அரிக்கப்பட்டு, சொரசொரத்த விளிம்பினால் நூலையும் தேய்த்துவிடும். ஆகையால் துத்தநாகம் பூசிய சங்கிலியை வாங்குவதும், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துவதும், பூச்சு உரிந்த கண்ணிகளை அவ்வப்போது மாற்றுவதும் அவசியம்.

சுடுமண் குண்டு விலையில் மலிவானது, துருவே பிடிக்காதது; தொலைந்தாலும் தீங்கு செய்யாதது. ஆனால் படகின் விளிம்பில் மோதினால் உடையும். கனத்துக்கு மிஞ்சின பருமனால் வீச்சு வலைக்கு உதவாது. ஓட்டமில்லாத நீரில் இரவு முழுவதும் அசையாமல் நிற்கும் நண்டு வலைக்கும் செவுள் வலைக்கும் அது போதுமானது. துளையின் விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தே வாங்க வேண்டும்.

வீட்டில் வார்ப்பதன் அபாயம்

உருகிய ஈயத்தில் ஒரு துளி ஈரம் விழுந்து ஆவியாகிச் சிதறினால் கண்ணுக்கு ஆபத்து என்பதை வார்க்கிறவர்கள் அறிவார்கள். கண்ணுக்குத் தெரியாத அபாயமோ அதனினும் பெரிது. மேலே படியும் சாம்பல் நிறக் கசடு பொடியாகி அடுப்படியிலும், துணியிலும், கைவிரலிலும் ஒட்டிக்கொண்டு, சோற்றோடு வயிற்றுக்குள் போகிறது. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைப் போல் நான்கு ஐந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் கிரகித்துக்கொள்கிறது. அதனால் மூளை வளர்ச்சிக்கு நேரும் கேட்டை மருந்தால் மீட்க முடியாது.

ஈயத்துக்காகப் பழைய பாட்டரியை உடைப்பது எல்லாவற்றிலும் கொடியது. அதிலுள்ள கந்தக அமிலம் ஒரு புறமிருக்க, அதன் தகடுகளில் ஆன்டிமனி, கால்சியம், சில வேளைகளில் ஆர்சனிக் ஆகியவையும் கலந்திருக்கும். அவற்றை உருக்கும்போது மேலே படியும் கசடில் ஈரம் பட்டால் விஷ வாயு எழும்ப இடமுண்டு. பழைய பாட்டரிகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சித் தொழிற்சாலைகளுக்கே சேர்ப்பிக்க வேண்டும் என்று முன்பு 2001-இலும், பின்பு 2022-இலும் விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றைப் பின்பற்றுவது நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கடமையும் ஆகும்.

பறவைகளுக்கு நேரும் கேடும் உண்டு. அறுந்து விழுந்த சிறு ஈயத் துண்டுகளை அன்னப் பறவைகள் விழுங்கி மடிந்ததைக் கண்டு, இங்கிலாந்தில் 1987-இல், 28 கிராம் வரையிலான பெரும்பாலான தூண்டில் ஈயங்களைத் தடை செய்தார்கள். ஸ்பெயினிலும் மெக்ஸிகோவிலும் வேட்டைக்காரர்களின் ஈயச் சன்னங்களைத் தின்று பூநாரைகள் இறந்திருக்கின்றன. பூநாரைகள் ஆண்டுதோறும் வந்து இரைதேடும் பழவேற்காட்டின் சேற்றில் ஈயத்தைச் சிந்துவது தகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஏரிக்குள்ளே மட்டும் இறாலுக்கும் மடவைக்கும் வீச்சு வலை வீசுகிறவர் துத்தநாகம் பூசிய இரும்புச் சங்கிலியைக் கட்டிக்கொள்ளட்டும். நண்டு வலையும் செவுள் வலையும் வைத்திருப்பவர், வலையைக் கவனமாகக் கையாளுகிறவராயின் சுடுமண்ணையும், இல்லாவிடில் இரும்பு வளையத்தையும் நாடலாம். முகத்துவாரத்திலும் கடலிலும் ஓட்டத்தை எதிர்த்து வீசுகிறவருக்குக் காரீயம் தவிர்க்க முடியாததாகத் தோன்றினால், வார்த்து முடித்த குண்டுகளைக் கடையிலே வாங்கட்டும். அவற்றைப் பல்லால் கடித்து நெரிக்காமல் குறடால் நெரித்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவியபின் உணவைத் தொட்டு, மிச்சத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத டப்பாவில் பூட்டி வைக்கட்டும். வீட்டில் வார்ப்பதனால் மிச்சமாகும் பணம், ஒரு குழந்தையின் இரத்தத்தில் கலக்கும் ஈயத்துக்கு ஒருநாளும் ஈடாகாது. ஆதலால் ஏற்கெனவே அச்சும் கரண்டியும் வைத்திருப்பவர்கள், அடுத்த வலையை இரும்பில் கட்டிப் பார்த்து, ஒரு பருவத்து மீன்பாட்டைப் பழைய வலையின் மீன்பாட்டோடு தாங்களே ஒப்பிட்டுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.