மாதம் நிறையுமுன் பிறக்கும் குழந்தை: கர்ப்பிணித் தாய்மார் அறிந்திருக்க வேண்டியவை

காணி துப்புரவாக்க வேண்டும், பாழடைந்து கிடந்த கிணற்றை இறைக்க வேண்டும், கொட்டிலுக்குக் கிடுகு வேய வேண்டும். ஊர் திரும்பிய குடும்பத்தில் கர்ப்பிணிப் பெண்ணும் இவ்வேலைகளில் ஒரு பங்கைச் சுமக்கிறாள். ஏழாம் மாதத்தில் நாரி உளைந்தால், "தண்ணி தூக்கின உளைவு" என்று எண்ணிப் படுத்துவிடுகிறாள். பல வேளைகளில் அது சரியாகவே இருக்கும். சில வேளைகளில் அதுதான் பிரசவ வலியின் தொடக்கம்.

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால் ஒரு கர்ப்பம் ஏறத்தாழ 40 கிழமைகள் நீடிக்கும். 37 கிழமைகள் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. அதன் நுரையீரல் முதிர்ந்திராது, உடம்பு சூட்டைத் தக்கவைக்காது, பாலை உறிஞ்சவும் பலம் போதாது. "ஏழு மாதப் பிள்ளை தப்பும், எட்டு மாதப் பிள்ளை தப்பாது" என்று எங்கள் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. இது தவறு. வயிற்றில் கழியும் ஒவ்வொரு கிழமையும் குழந்தைக்கு இலாபமே.

யாருக்கு ஆபத்து கூடுதலாக உள்ளது? முன்னர் ஒருமுறை குறைமாதத்தில் பெற்றவர்களுக்கும், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்களுக்கும் முதலிடம். 18 வயதுக்குக் குறைந்தவர்கள், 35 வயதைத் தாண்டியவர்கள், உயர் குருதியமுக்கமோ நீரிழிவோ உள்ளவர்கள், கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயதாகுமுன் மீண்டும் கருத்தரித்தவர்கள் ஆகியோரும் கவனமாக இருக்க வேண்டும். இவற்றில் ஏதும் உங்களுக்கு இருந்தால், குடும்ப சுகாதார உத்தியோகத்தர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் பதிவட்டை தொலைந்திருந்தால் அவரிடம் முந்தைய விபரம் எதுவும் இருக்காது.

அதிகம் கவனிக்கப்படாத காரணம் சிறுநீர்த் தொற்று. பப்பாளி, அன்னாசி என்று பழங்களில் பழியைப் போடுகிறோம், இதை விட்டுவிடுகிறோம். மலசலகூடம் இன்னும் கட்டி முடியாத காணியில், பகலில் ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். சிறுநீரை மாலைவரை அடக்குகிறார்கள். இதனால் கிருமி பெருகுகிறது. எரிவு, அடிவயிற்று நோ, காய்ச்சல் இருந்தால் உடனே காட்டுங்கள். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆகவேதான் கிளினிக்கில் சிறுநீர் பரிசோதிக்கப்படுகிறது. தந்த மருந்தை எரிவு நின்றவுடன் நிறுத்தாமல் முழுவதும் எடுக்க வேண்டும். நாற்றமுள்ள அல்லது நிறம் மாறிய வெள்ளைபடுதலையும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

அடுத்தது குருதிச்சோகை. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் எடுத்தால் பயன் குறையும்; தேசிக்காய்த் தண்ணீருடன் எடுக்கலாம். திரிபோஷாவை வீட்டில் எல்லோரும் பங்கிட்டு உண்பது எங்களுக்குத் தெரியும். பசித்த பிள்ளைக்கு முன்னால் ஒளித்து உண்ணச் சொல்வது இலகுவல்ல. ஆயினும் அது தாய்க்கென்று தரப்படுவது.

பாரம் தூக்குவதையும் நீண்டநேரம் நின்று வேலை செய்வதையும் குறையுங்கள். முழுநாளும் படுத்திருக்கத் தேவையில்லை. புகையிலை போட்ட வெற்றிலையையும் மதுவையும் தவிருங்கள்; கணவர் கொட்டிலுக்குள் புகைப்பதும் கூடாது. வயிற்றில் படும் அடி நச்சுக்கொடியைக் கழற்றிவிடக்கூடும். வீட்டில் அடி உதை இருந்தால், குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இத்தனையும் கவனித்தும் குறைமாதத்தில் பிறப்பதுண்டு. பலருக்குக் காரணமே தெரிவதில்லை. அப்படிப் பெற்ற தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்.

37 கிழமைக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை அல்லது அதைவிட அடிக்கடி வந்தால், நாரிநோ வந்து வந்து போனால், பன்னீர் கசிந்தால், இரத்தம் பட்டால், குழந்தையின் துடிப்பு குறைந்தால், விடியட்டும் என்று இராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். தூக்கின உளைவு ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தணியும். பிரசவ வலி தணியாது. வலியை நிறுத்திவிடுவார்கள் என்று உறுதி கூற முடியாது. ஆனால் 34 கிழமைக்கு முன்னரானால், குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்ய தாய்க்கு ஊசி போடலாம். அதன் முழுப் பயன் கிடைக்க ஒரு நாளாவது வேண்டும். ஆகவே முந்திப் போகும் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது.

மூத்த பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று யோசித்தே பலர் பிந்துகிறார்கள். ஏழாம் மாதத்துக்கு முன்பே அயலவர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். இரவில் வரக்கூடிய வாகனக்காரரின் தொலைபேசி இலக்கத்தைப் பதிவட்டையின் மேல் எழுதுங்கள்.

வழியிலேயே பிறந்துவிட்டால் குழந்தையைக் குளிப்பாட்டக் கூடாது. உலர்ந்த துணியால் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் தோலோடு தோல் படக் கிடத்தி, தலையை மூடி, இருவரையும் ஒரே போர்வையால் போர்த்தி, வைத்தியசாலைக்குப் பயணத்தைத் தொடருங்கள்.